யாருக்காக வகுக்கப்பட்ட திட்டம்? தொலைதூர ஓட்டப் பயிற்சியின் வரலாறு

தொலைதூர ஓட்டத்தில் முன்னேற விரும்புவோருக்கு இன்று பயிற்சித் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. எட்டு வாரத் திட்டம் இருக்கிறது. பதினாறு வார மாரத்தான் திட்டமும் இருக்கிறது. வாரம் நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும் என்கிறது ஒன்று. வாரம் மூன்று நாள் போதும் என்கிறது மற்றொன்று. மெதுவாகவே ஓடு என்று ஒரு தரப்பும், வேகச் சுற்றுகளே முன்னேற்றம் தரும் என்று மறு தரப்பும் வாதிடுகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வெற்றியாளரின் பெயரோ ஓர் ஆய்வகத்தின் பெயரோ நிற்கிறது.

இவற்றுள் எதைத் தேர்வது என்னும் கேள்வி பெரும்பாலும் உடலியலாரிடமே கேட்கப்படுகிறது. வரலாற்றிடம் கேட்டாலும் அதற்குப் பயனுள்ள விடை கிடைக்கும். ஏனெனில், இத்திட்டங்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு மனிதர் குறிப்பிட்ட ஒரு சூழலில் எதிர்கொண்ட சிக்கலுக்குத் தீர்வாகப் பிறந்தது. காலப்போக்கில் அந்தச் சிக்கல் மறக்கப்பட்டு, திட்டத்தின் எண்கள் மட்டும் கைமாறுகின்றன. உடல் நோவதும் ஊக்கம் குன்றுவதும் பல நேரங்களில் அங்கிருந்தே தொடங்குகின்றன.

1. மருந்துக்கடைப் பையனின் பயிற்சி

1886 ஆகஸ்ட் 23 அன்று லண்டனின் லில்லி பிரிட்ஜ் திடலில் வால்டர் ஜார்ஜ் ஒரு மைல் தொலைவை 4 நிமிடம் 12¾ விநாடியில் ஓடினார். அந்த நேரத்தை அடுத்த 29 ஆண்டுகள் எவராலும் முறியடிக்க இயலவில்லை. அவருடைய பயிற்சியில் புகழ்பெற்றது 'நூறு முறை' எனப் பொருள்படும் ஓர் எளிய உடற்பயிற்சி. நின்ற இடத்திலேயே முழங்கால்களை மாறி மாறி இடுப்பளவு உயர்த்தி, கால் விரல்களில் நின்று, நூறு எண்ணிக்கை வரை செய்வது அது.

இப்பயிற்சி ஏன் பிறந்தது என்பதே இங்கு முக்கியம். இளம் வயதில் ஜார்ஜ் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகுநராக இருந்தார். காலை முதல் இரவு வரை வேலை. வெளியே சென்று ஓட நேரமில்லை. ஆகவே கிடைத்த சில நிமிடங்களில், கடைக்குள்ளேயே, ஓட்டத்தின் அசைவைப் பழக வழி கண்டார். பின்னாளில் இப்பயிற்சியைக் குறுநூலாக எழுதி வெளியிட்டபோது பலர் அதை வெற்றியின் மறைபொருளாகக் கருதினர். ஆனால் ஓய்வு நேரம் கிடைத்த பின்னர் ஜார்ஜும் திடலில் ஓடியே பயின்றார். 'நூறு முறை' அவருடைய நேரமின்மைக்குக் கிடைத்த தீர்வு.

2. கடிகாரமும் காடும்

அடுத்த தலைமுறையில் ஓட்டத்தின் தலைநகராக விளங்கியது பின்லாந்து. தந்தையை இழந்து, பன்னிரண்டாம் வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற பாவோ நுர்மி, துர்க்கு நகரின் மேட்டுத் தெருக்களில் சரக்குவண்டி தள்ளிப் பிழைத்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்றார். அவற்றுள் 1500 மீட்டரும் 5000 மீட்டரும் ஒரே நாளில், இரண்டு மணி நேரத்திற்கும் குறைந்த இடைவெளியில் நடந்தவை.

நுர்மியின் அடையாளம் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச். எதிராளியைப் பார்த்து ஓடாமல் நேரத்தைப் பார்த்துச் சீராக ஓடுவது அவர் முறை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விநாடிக் கணக்கு வைத்து ஓடும் இன்றைய வழக்கத்திற்கு முன்னோடிகளுள் முதன்மையானவர் அவர்.

பின்லாந்திடம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அண்டை நாடு சுவீடன். அந்நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மேர் 1930களில் நேர்மாறான ஒரு வழியை வகுத்தார். அதன் பெயர் ஃபார்ட்லெக். வேக விளையாட்டு என்பது பொருள். திடலும் கடிகாரமும் இல்லாமல் காட்டுப் பாதைகளில் ஓட வேண்டும். உடல் விரும்பும்போது வேகம் கூட்டி, களைப்பு வந்தால் மெல்லோட்டத்திற்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு தூரம், எத்தனை முறை என்பதை ஓடுபவரே முடிவு செய்வார். நீண்ட பனிக்காலமும் மென்மையான காட்டுத் தரையும் கொண்ட நாட்டுக்கு இது பொருந்தியது. காட்டிலும் பனியிலும் ஓடிப் பழகிய குந்தர் ஹேக், 1942 ஜூலை முதல் செப்டம்பர் வரை 82 நாட்களில் பத்து உலக சாதனைகளைப் படைத்தார். 5000 மீட்டரை 14 நிமிடத்திற்குள் ஓடிய முதல் மனிதரும் அவரே (13:58.2).

சீரான வேகத்தைக் கடிகாரத்தால் பழகுவது ஒரு வழி. உடலின் குறிப்பறிந்து வேகத்தை மாற்றுவது மற்றொரு வழி. இரண்டுமே உலக சாதனைகளைத் தந்தன. ஒரே ஒரு சரியான திட்டம் உண்டு என்னும் எண்ணத்தை 1940களின் தொடக்கத்திலேயே இச்சான்றுகள் ஐயத்திற்கு உள்ளாக்கியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு.

3. ஆய்வகம் களத்திற்கு வருகிறது

ஜெர்மானியப் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலும் இணைந்து உருவாக்கியது இடைவெளிப் பயிற்சியின் அறிவியல் வடிவம். குறுகிய தொலைவை வேகமாக ஓடி நாடித்துடிப்பை நிமிடத்திற்கு ஏறத்தாழ 180 வரை உயர்த்த வேண்டும். பின்னர் அது 120க்கு இறங்கும் வரை காத்திருந்து அடுத்த ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். ஒன்றரை நிமிடத்திற்குள் இறங்கவில்லையெனில், ஓடிய வேகமோ தொலைவோ அளவுக்கு மீறியது என்று பொருள். அன்றைய பயிற்சியைத் தளர்த்த வேண்டும்.

கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலன் நகரில் 800 மீட்டரை 1:46.6 நேரத்தில் ஓடினார். முந்தைய சாதனையைவிட இது 1.8 விநாடி குறைவு. பதினாறு ஆண்டுகள் நிலைத்தது. இரண்டாம் உலகப் போரில் 1944இல் கிழக்கு முனையில் ஹார்பிக் உயிரிழந்தார். அவருடைய பயிற்சிமுறை போருக்குப் பின் ஐரோப்பா முழுவதும் பரவியது.

அப்படிப் பரவும்போது ஒரு முக்கியக் கூறு உதிர்ந்துவிட்டது. கெர்ஷ்லர், ரைண்டெல் இருவரின் திட்டத்தில் இடைவெளி என்ற சொல்லுக்கு ஓய்வே மையப் பொருள். இதயம் வலுப்பெறுவது அந்த ஓய்வுக் கணங்களில்தான் என்பது அவர்களது கருத்து. திட்டத்தை எடுத்துக்கொண்ட பலர் எத்தனை முறை ஓடினார்கள் என்பதை மட்டும் எண்ணினர், நாடியை எண்ணவில்லை.

4. சாட்டோபெக்கும் பேனிஸ்டரும்

எத்தனை முறை என்னும் எண்ணிக்கையின் உச்சத்தைத் தொட்டவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். ஸ்லீன் நகரின் பாட்டா காலணித் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்த அவர், 1941இல் தொழிற்சாலையினரின் வற்புறுத்தலால்தான் முதன்முதலாக ஒரு போட்டியில் ஓடினார். மெதுவாக ஓடத் தமக்கு ஏற்கெனவே தெரியும், வேகமாக ஓடத்தான் பழக வேண்டும் என்று அவர் எண்ணினார். 400 மீட்டர் வேக ஓட்டம், இடையே 200 மீட்டர் மெல்லோட்டம் என இருபது முறை செய்வது அவரது தொடக்க காலப் பயிற்சி. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த எண்ணிக்கை பன்மடங்காகப் பெருகியது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மாரத்தான் தொலைவை அவர் போட்டியில் ஓடியது அதுவே முதல் முறை.

இங்கு வரலாற்று மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது. நமக்குக் கிடைக்கும் பயிற்சிக் குறிப்பேடுகள் வென்றவர்களுடையவை. சாட்டோபெக்கைப் பார்த்து நாற்பது சுற்று ஓடித் தசைநாண் கிழிந்து விலகியவரின் குறிப்பேட்டை எந்த ஆவணக் காப்பகமும் பேணவில்லை. எந்தப் பதிப்பாளரும் நூலாக்கவில்லை. ஒரு திட்டம் எத்தனை பேரை வெற்றிபெறச் செய்தது என்பது தெரிகிறது. எத்தனை பேரை முடக்கியது என்பது தெரிவதில்லை. வெற்றியாளரின் திட்டத்தைச் சான்றாகக் கொள்ளும்போது இந்த மௌனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சாட்டோபெக்கின் காலத்திலேயே, சிறிதளவு பயிற்சியால் பெரும் சாதனை படைத்தவர் ரோஜர் பேனிஸ்டர். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டின் இஃப்லி சாலைத் திடலில் 3:59.4 நேரத்தில் ஓடி, ஒரு மைலை நான்கு நிமிடத்திற்குள் ஓடிய முதல் மனிதரானார். லண்டனில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அவருக்குக் கிடைத்தது மதிய உணவு இடைவேளை மட்டுமே. அதற்குள் முடிகிற பயிற்சி தேவைப்பட்டது. கால் மைல் தொலைவைப் பத்து முறை, இடையில் இரண்டு நிமிட ஓய்வுடன் ஓடினார். 1953 டிசம்பரில் ஒரு சுற்றுக்குச் சராசரி 66 விநாடி. 1954 ஏப்ரலில் 61. அதற்குக் கீழே இறங்கவில்லை. அப்போது பயிற்சியைச் சில நாள் நிறுத்திவிட்டு நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்து மலைகளில் ஏறச் சென்றார். திரும்பி வந்து ஓய்வெடுத்து மீண்டும் ஓடியபோது சுற்றுக்கு 59 விநாடி.

மலையேற்றம் ஓட்டக்காரருக்கு ஏற்ற ஓய்வன்று. இருப்பினும் மாதக்கணக்கில் ஒரே விதமான அழுத்தத்தைத் தாங்கிய உடல், அது நின்றவுடன் தான் சேர்த்து வைத்திருந்த பயனை வெளிக்காட்டியது. பேனிஸ்டரின் பத்துச் சுற்றுகளை நகல் எடுத்தவர்கள் ஏராளம். அவர் நிறுத்திய நாட்களை நகல் எடுத்தவர்கள் குறைவு.

5. ஒரே ஆசிரியர், இரு திட்டங்கள்

1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு தங்கப் பதக்கங்கள் நியூசிலாந்துக்குக் கிடைத்தன. 800 மீட்டரில் பீட்டர் ஸ்னெல். 5000 மீட்டரில் மர்ரே ஹால்பர்க். சில நாள் கழித்து மாரத்தானில் பாரி மகீ வெண்கலம் வென்றார். ஆக்லாந்து நகரின் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த இவர்களின் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். அவர் பல்கலைக்கழகம் சாராதவர். காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி. குடும்பச் செலவுக்காக வீடுவீடாகப் பால் போட்டவர்.

லிடியார்டின் முறை அவர் தம் உடலிலேயே செய்த சோதனையிலிருந்து பிறந்தது. இருபதுகளின் பிற்பகுதியில் நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடி மூச்சு வாங்கி நின்ற அனுபவம் அவரை உலுக்கியது. பல ஆண்டுகள் வாரத்திற்குச் சில மைல் முதல் மிகப் பெரும் தொலைவுகள் வரை ஓடிப் பார்த்து, வாரம் ஏறத்தாழ நூறு மைல் என்னும் அளவில் நின்றார். நியூசிலாந்து மாரத்தான் பட்டத்தை 1953இலும் 1955இலும் வென்றார். அவர் வகுத்த திட்டத்தில் முதலில் பல வாரங்கள் மூச்சு வாங்காத வேகத்தில் நெடுந்தூர ஓட்டம். அடுத்து மேட்டு ஓட்டம். அதன் பின்னரே திடலில் வேகச் சுற்றுகள். இறுதியில் போட்டிக்கு முன் தளர்வு. ஞாயிறுதோறும் வாய்ட்டாக்கரே மலைச்சாலையில் 22 மைல். 800 மீட்டர் ஓடும் ஸ்னெலுக்கும் இதுவே விதி. அது அன்று பலருக்கு நகைப்பாக இருந்தது. 1962 தொடக்கத்தில், ஒரு வார இடைவெளியில், புல்தரைத் திடல்களில் ஸ்னெல் ஒரு மைலுக்கும் (3:54.4) 800 மீட்டருக்கும் (1:44.3) உலக சாதனை படைத்த பின் நகைப்பு அடங்கியது.

உலகம் லிடியார்டிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது 'வாரம் நூறு மைல்' என்னும் எண்ணை. ஆனால் அதே லிடியார்ட் 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் வேறொரு குழுவுக்கும் திட்டம் வகுத்தார். அவர்கள் நடுவயதைக் கடந்த, உடல் பருத்த ஆண்கள். அவர்களுள் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொன்னது, பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவு மெதுவாக, முடிந்த தொலைவு, நாள் தவறாமல் ஓடுங்கள் என்பதே. அங்கு வந்து அக்குழுவோடு ஓடிப் பார்த்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், மூத்த ஒருவருடன் ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். ஊர் திரும்பி, ஒரு மருத்துவருடன் இணைந்து மெல்லோட்டம் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்காவில் பொதுமக்களின் ஓட்டம் பேரியக்கமாக மாறியதில் அந்நூலுக்குப் பங்குண்டு.

ஒலிம்பிக் வீரருக்கும் இதய நோயாளிக்கும் லிடியார்ட் தந்த கொள்கை ஒன்றே: மூச்சுத் திணறாத ஓட்டத்தால் அடித்தளம் இடுதல், மெல்ல மெல்லக் கூட்டுதல். அளவு மட்டும் பெரிதும் வேறுபட்டது. கொள்கையைக் கற்றுக்கொண்டு அளவைத் தன் உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதே தேர்வின் இலக்கணம் என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டுகிறது. நூறு மைலை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் அத்திட்டத்தின் பாதியைத் தவறவிட்டார்கள்.

பவர்மேனும் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் அவர் பயிற்றுவித்த மாணவர்களுக்குக் கடும் பயிற்சி நாளை அடுத்து எளிய நாள் வர வேண்டும் என்பதை விதியாக்கினார். யாருக்கு எத்தனை எளிய நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறியது.

6. விடுபட்ட பாதி

இதுவரை சொன்ன அனைவரும் ஆண்கள். இது தற்செயலன்று. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. ஜெர்மனியின் லீனா ராட்கே 2:16.8 நேரத்தில் வென்றார். ஓட்ட முடிவில் சிலர் களைத்து அமர்ந்ததைப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து அப்போட்டி நீக்கப்பட்டது. 1960இல்தான் அது மீண்டும் இடம்பெற்றது. 1500 மீட்டருக்கு 1972 வரையும் மாரத்தானுக்கு 1984 வரையும் பெண்கள் காத்திருக்க நேர்ந்தது.

இதன் விளைவு பதக்கப் பட்டியலோடு நிற்கவில்லை. இடைவெளிப் பயிற்சியும் லிடியார்டின் அடித்தளமும் உருவான ஆண்டுகளில் அவை சோதிக்கப்பட்ட உடல்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. மாதவிடாய்ச் சுழற்சி, மகப்பேறு, இரும்புச்சத்துக் குறைபாடு, போதிய உணவின்றிப் பயிற்சி செய்வதால் எலும்பு மெலிதல் ஆகியவை திட்டங்களின் கணக்கில் வெகு தாமதமாகவே நுழைந்தன. இந்த ஓரவஞ்சனையை எதிர்த்தவர்களுள் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபான் ஆக்கென் குறிப்பிடத்தக்கவர். பெண்களின் உடல் நெடுந்தூரத்திற்கு ஏற்றது என்று வாதிட்ட அவர், 1974இல் தம் ஊரான வால்ட்நீலில் பெண்களுக்கு மட்டுமான பன்னாட்டு மாரத்தானை நடத்தினார். பத்தாண்டு கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் ஜோன் பெனாய்ட் 2:24:52 நேரத்தில் முதல் ஒலிம்பிக் பெண்கள் மாரத்தானை வென்றார். 1952இல் சாட்டோபெக் ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிடம்கூட வேறுபாடில்லை.

7. விகிதத்தின் பொருள்

உடலியல் இதற்கிடையே தன் வழியில் வளர்ந்தது. 1920களில் மான்செஸ்டரில் ஏ. வி. ஹில் ஓடுபவரின் ஆக்சிஜன் நுகர்வை அளந்து, அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று காட்டினார். 1970களில் ஜாக் டேனியல்ஸ், ஜிம்மி கில்பர்ட் இருவரும் ஒருவரின் போட்டி நேரத்திலிருந்து அவருக்குரிய பயிற்சி வேகங்களைக் கணிக்கும் அட்டவணைகளை உருவாக்கினர். இத்தகைய அட்டவணையின் பயன் பெரிது: ஒருவர் அடைய விரும்பும் நேரத்தை விட்டுவிட்டு, அவர் இன்று ஓடக்கூடிய நேரத்திலிருந்து திட்டம் தொடங்குகிறது. தடகளத்திலிருந்து விலகிய பீட்டர் ஸ்னெலும் அமெரிக்கா சென்று உடலியலில் முனைவர் பட்டம் பெற்று, டாலஸ் நகரில் ஆய்வாளராகப் பணியாற்றினார். 800 மீட்டர் வீரருக்கு 22 மைல் ஓட்டம் ஏன் பயன் தந்தது என்னும் கேள்வி அவரை விடவில்லை.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வேயில் பணியாற்றிய ஸ்டீபன் சைலர், படகுவலித்தல், பனிச்சறுக்கு, ஓட்டம் எனப் பல துறை உயர்நிலை வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தார். பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு எளிதானவை, 20 விழுக்காடு கடுமையானவை என்று கண்டார். லிடியார்டும் கெர்ஷ்லரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றியது இங்கு சமரசமாகிறது. இரண்டும் தேவை, விகிதமே கேள்வி.

ஆயினும் இவ்விகிதமும் இப்போது எண்ணாகக் கைமாறுகிறது. வாரம் பத்துப் பன்னிரண்டு முறை பயில்பவருக்கு 20 விழுக்காடு என்பது இரண்டு கடும் அமர்வுகள். வாரம் மூன்று முறை மட்டும் ஓடும் ஆசிரியருக்கோ மாணவிக்கோ அது ஓர் அமர்வுக்கும் குறைவு. உயர்நிலை வீரர்கள் எளிதாக ஓடுவதற்கு ஒரு காரணம், அவர்கள் மிக அதிகமாக ஓடுவதுதான். குறைவாக ஓடுபவர் விகிதத்தைவிட, கடும் நாட்களுக்கு இடையே உடல் மீள்கிறதா என்பதைக் கவனிப்பதே பொருத்தம்.

மெல்லக் கூட்டுவதும் அதற்குரிய கட்டுப்பாட்டுடன் புரிந்துகொள்ளப்பட வேண்டும். வாரத்திற்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தொலைவைக் கூட்டக் கூடாது என்னும் விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனையில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 8 வாரத் திட்டம். மற்றதற்குப் பத்து விழுக்காட்டு விதியைத் தழுவிய 13 வாரத் திட்டம். இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் காயமுற்றனர். வேறுபாடு இல்லை. பொறுமை வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே விழுக்காடு எல்லா உடல்களையும் காக்காது என்பதே இதன் பாடம்.

8. இந்தியத் தடங்கள்

இந்தியாவில் இக்கதை வேறு விதமாக அமைந்தது. 1919இல் புனே டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டிகளில் கிராமத்து இளைஞர்கள் வெறுங்காலுடன் ஓடியதைக் கண்ட தொராப்ஜி டாட்டாவின் முயற்சியால், 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்கள் அனுப்பப்பட்டனர். பெல்காமைச் சேர்ந்த ஃபடேப்பா சௌகுலே மாரத்தானில் 19ஆவதாக வந்தார். அதே 1920இல் சென்னையில் எச். சி. பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் உருவானது. ஆயினும் இந்தியத் தொலைதூர ஓட்டத்தின் மெய்யான பள்ளி இராணுவமே.

பீகாரின் பக்சர் மாவட்டத்திலிருந்து இராணுவத்தில் சேர்ந்த சிவநாத் சிங், பயிற்சியாளர் இலியாஸ் பாபரிடம் பயின்றவர். 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5000 மீட்டர் தங்கம் வென்றார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் நெடுந்தூரம் முன்னணிக் குழுவுடன் ஓடி 2:16:22 நேரத்தில் 11ஆவதாக முடித்தார். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2:12:00 நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேசிய சாதனையாக நிலைத்தது. மகாராட்டிரத்தின் வறட்சிப் பகுதியான பீட் மாவட்டத்திலிருந்து வந்த அவினாஷ் சாப்ளேயும் இராணுவத்தின் பிள்ளையே. 2015இல்தான் முறையான ஓட்டத்திற்கு வந்த அவர், 2018இல் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 37 ஆண்டுக்கால தேசிய சாதனையை முறியடித்தார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8:11.20 நேரத்தில் வெள்ளி வென்றார். சாத்தாரா மாவட்டத்தின் லலிதா பாபர் மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களில் முதலிடம் பெற்று வந்தவர். பின்னர் ஸ்டீபிள்சேஸுக்கு மாறி 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஓடினார். நெடுந்தூரத்தில் இட்ட அடித்தளம் குறுகிய தொலைவில் பயன் தந்ததற்கு இந்தியச் சான்று அது.

இராணுவம் இவர்களுக்குப் பயிற்சி அட்டவணையை மட்டும் தரவில்லை. மூன்று வேளை உணவு, உறங்கும் நேரம், மருத்துவர், மாதச் சம்பளம் ஆகியவற்றையும் தந்தது. சாப்ளேயின் வாராந்திர அட்டவணையை இணையத்தில் கண்டு நகல் எடுப்பவருக்கு இவை கிடைப்பதில்லை. தாளில் எழுதப்படாத இப்பகுதியே திட்டத்தின் பெரும்பகுதி.

9. தேர்வு

வட இந்தியச் சிற்றூர்களின் சாலைகளில் விடியற்காலையில் கூட்டமாக ஓடும் இளைஞர்களைக் காணலாம். அவர்களில் பலர் இராணுவ ஆள்சேர்ப்புக்காக ஓடுபவர்கள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் அத்தேர்வில் முழு மதிப்பெண். அதாவது 400 மீட்டர் சுற்றொன்றுக்கு 82.5 விநாடி. ஒரு குடும்பத்தின் எதிர்காலம் சில விநாடிகளில் தொங்குகிறது. இயல்பாகவே பலர் நாள்தோறும் அந்த 1.6 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்க்கின்றனர். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி தொடங்கினாலும் நிறுத்துவதில்லை. வயது வரம்பு நெருங்குகிறது என்னும் அச்சம்.

மேற்கண்ட வரலாறு இவர்களுக்குச் சொல்வது தெளிவானது. ஐந்தரை நிமிட ஓட்டத்திற்கான ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிஜன் வழியே வருகிறது. ஆகவே பேசிக்கொண்டே ஓடக்கூடிய நீண்ட ஓட்டங்கள் வாரத்தின் பெரும்பகுதியை நிரப்ப வேண்டும். ஸ்னெல் அதைத்தான் செய்தார். வாரத்தில் ஓரிரு நாள், போதிய ஓய்வுடன், இலக்கு வேகத்தில் 400 மீட்டர் சுற்றுகள். பேனிஸ்டரின் மதிய நேரப் பயிற்சி அது. கடும் நாளுக்கு அடுத்த நாள் எளிதாக இருக்க வேண்டும் என்பது பவர்மேனின் விதி. முன்னேற்றம் நின்றுவிட்டால் மேலும் கடுமையாக்குவதற்கு முன் சில நாள் விட்டுப் பார்க்க வேண்டும். இன்று ஓடக்கூடிய நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். போதிய உணவும் உறக்கமும் இல்லாத வாரத்தில் தொலைவைக் குறைப்பதும் பயிற்சியே.

இவை எந்த ஒரு பள்ளிக்கும் உரியவை அல்ல. ஒன்றையொன்று மறுத்த பள்ளிகள் நூறு ஆண்டுகளில் தனித்தனியே வந்து சேர்ந்த இடங்கள் இவை. அதனாலேயே நம்பத்தக்கவை. இவற்றைத் தாண்டி ஒரு திட்டம் வலியுறுத்தும் குறிப்பிட்ட எண், குறிப்பிட்ட வேகம், குறிப்பிட்ட வாரக் கணக்கு ஆகியவை அதை வகுத்தவரின் வேலை நேரத்தையும் தட்பவெப்பத்தையும் வயதையும் உணவையும் சார்ந்தவை.

எனவே ஒரு திட்டத்தைக் கையில் எடுக்கும்போது அதனிடம் கேட்க வேண்டியவை மூன்று. இது யாருக்காக வகுக்கப்பட்டது? அவரிடம் இருந்து என்னிடம் இல்லாதது எது? இதைப் பின்பற்றித் தோற்றவர்களைப் பற்றி எவரேனும் பதிவு செய்துள்ளனரா? ஆள்சேர்ப்புத் திடலுக்குச் செல்லும் இளைஞரும், முதல் பத்து கிலோமீட்டருக்குத் தயாராகும் பேராசிரியரும் இக்கேள்விகளைக் கேட்கலாம். மருந்துக்கடையில் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்திய அந்த இளைஞரும் எவருடைய திட்டத்தையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. தமக்குக் கிடைத்த நேரமும் இடமும் எவ்வளவு என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கினார்.